சிவப்புக் கடவுச்சீட்டோடு குமரிக்கு வருபவர்களுக்கு: மலேசியக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு இரும்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் என் பிள்ளைகளின் கடவுச்சீட்டுகள் இருக்கின்றன. சிவப்பு அட்டை போட்டது மூத்தவளுடையது. அவள் 2008இல் மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் பிறந்தவள். நீல அட்டை போட்டது இளையவனுடையது. அவன் 2012இல் இதே நாகர்கோவிலில் பிறந்தவன். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தட்டில் மட்டிப்பழத்துக்குச் சண்டை போட்டு வளர்ந்த இந்த இருவரில், ஒருத்தி இந்தியச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர், மற்றவன் குடிமகன். எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி இடம், எந்த நிலம், எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்ற கேள்விகள் அனைத்துக்கும் விடை அந்த அட்டையின் நிறத்திலிருந்தே தொடங்குகிறது. ஆகவே வீடு பார்ப்பதற்கும் பள்ளி பார்ப்பதற்கும் முன்பாக, குடும்பத்தில் யார் எந்த நாட்டவர், யார் எந்த உரிமையில் இங்கே தங்கப் போகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் படிகள் எல்லாம் அந்தத் தாளை ஒட்டியே செல்கின்றன.

குமரி மாவட்டத்து ஆணையோ பெண்ணையோ மணந்து, பிள்ளைகளோடு இங்கே குடிவர நினைக்கும் மலேசியத் தமிழரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் வந்தது 2009இல். அதற்குப் பின் சில விதிகள் மாறியிருக்கின்றன. மாறியவற்றை மாறியபடியே குறித்திருக்கிறேன்.

முதல் படி: விமானம் ஏறுமுன்

எல்லா ஆவணங்களையும் மலேசியாவிலேயே சான்றொப்பம் செய்துகொண்டு வாருங்கள். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், உங்கள் பிறப்புப் பத்திரம், முடிந்தால் உங்கள் பெற்றோருடையதும்: இவற்றின் மூலப்படிகளுக்கு மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் சான்றொப்பமும், அதன்மேல் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமும் பெற்றுவிட்டால், இங்கே வந்தபின் ஒவ்வொரு மேசையிலும் நின்று விளக்கம் சொல்லும் வேலை பாதியாகக் குறையும். மலாயில் மட்டும் இருக்கும் ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். மலாய் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை நாகர்கோவிலில் தேடி அலைவது வீண் வேலை. பள்ளியிலிருந்து விலகும்போது கொடுக்கும் சிஜில் பெர்ஹெந்தி செக்கோலாவையும், பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தையும் கைப்பையிலேயே வையுங்கள்.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசிய ஆவணங்களில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே, இன்னாரின் மகள், இன்னாரின் மகன் என்று காட்ட வரும் 'ஏ/பி', 'ஏ/எல்' என்ற குறி இந்தியாவில் யாருக்கும் புரியாது. இணையப் படிவங்கள் பலவும் அந்தச் சாய்கோட்டை ஏற்பதில்லை. என் மகன் பிறந்தபோது, பிறப்பைப் பதிவு செய்தவர் அந்தக் கோட்டை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் சேர்த்துத் தட்டிவிட்டார். அச்சாகி வந்த சான்றிதழில் தாயின் பெயராக என் பெயர், அதை அடுத்து 'ஏபி', அதை அடுத்து என் அப்பாவின் பெயர் என்று மூன்று பெயர்கள் இருந்தன. அந்த 'ஏபி' யார் என்று பின்னர் இரண்டு அலுவலகங்களில் கேட்டார்கள். அதைத் திருத்தி வாங்க ஐந்து மாதம் ஆயிற்று. எனவே முதல் இந்திய ஆவணத்தில் உங்கள் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, கடவுச்சீட்டில் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து அதையே எங்கும் கொடுங்கள். கணினியின் முன் இருப்பவர் 'பதிவு செய்' என்ற பொத்தானை அழுத்துமுன், திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

இரண்டாம் படி: விசாவும் பதிவும்

சுற்றுலா விசாவில் வந்து, பிறகு இங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்ற துணிவு வேண்டாம். இந்தியரின் துணைவருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் உரியது நுழைவு விசா. எக்ஸ் விசா என்றும் சொல்வார்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர், வந்து சேர்ந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவை இணையத்தின் வழியே செய்ய வேண்டும். திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர் தூரத்தில்தானே இருக்கிறது, அங்கே போய் முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். விமானம் இறங்குவது கேரளத்தில் என்றாலும் நீங்கள் குடியிருப்பது தமிழ்நாட்டில்; உங்கள் விண்ணப்பம் சென்னைக்குத்தான் போகும். அதுபோல, உங்களைத் தங்கவைக்கும் வீட்டுக்காரரும் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அதைச் 'சி' படிவம் என்று பழைய பெயரிலேயே இன்றும் சொல்வார்கள். விடுதிக்காரர்கள்தான் கொடுக்க வேண்டும், சொந்த மாமியார் வீட்டுக்கு அது எதற்கு என்று என் கணவர் வீட்டில் கேட்டார்கள். மாமியார் வீட்டுக்கும் உண்டு.

மூன்றாம் படி: கல்யாணத்தை இரு நாட்டிலும் பதிவு செய்தல்

குமாரகோவிலில் தாலி கட்டி, நாகர்கோவில் மண்டபத்தில் அவியல், எரிசேரி, பாயசம் என்று விருந்து முடிந்துவிட்டால் கல்யாணம் முடிந்தது என்று உறவினர் நினைக்கலாம். அரசுகள் அப்படி நினைப்பதில்லை. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. மலேசியச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் மணம் செய்த மலேசியர் ஆறு மாதத்துக்குள் அதை மலேசியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். நமக்கு அருகிலிருப்பது சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகம். இந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டவர்கள் பலர். பிள்ளை பிறந்து, அதன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அதன் விலை தெரிய வருகிறது.

நான்காம் படி: பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை

எல்லாப் படிகளிலும் இதுவே கனமானது. அவசரப்படாமல் படியுங்கள்.

இந்தியாவில் 2004 டிசம்பர் 3ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாகவும் மற்றவர் சட்டப்படி தங்கியிருப்பவராகவும் இருந்தால், பிறப்பாலேயே இந்தியக் குடியுரிமை உண்டு. உங்கள் விசா காலாவதியாகிக் கிடக்கும்போது பிள்ளை பிறந்தால் இந்த உரிமையே கேள்விக்குள்ளாகும் என்பதால், கர்ப்பமாக இருக்கும் மாதங்களில் விசா தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுத்து 12 இலக்கப் பதிவு எண்ணை வாங்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் பெற்றாலும், பிறப்புப் பதிவின்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். பிறப்பை 21 நாளுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறந்த தேதிக்கான அடிப்படை ஆவணம் இந்தச் சான்றிதழே.

மலேசியப் பக்கத்தைப் பார்த்தால், தந்தை மலேசியராக இருந்து பெற்றோரின் திருமணம் பதிவாகியிருந்தால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவு செய்து குடியுரிமை பெறலாம். தாய் மட்டும் மலேசியர் என்றால் நெடுங்காலமாக அந்த உரிமை இருக்கவில்லை. சிறப்பு விண்ணப்பம் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முடிவும் அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. மலேசியத் தாய்மார் சிலர் இதை எதிர்த்து வழக்காடி, 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பின்னர், தாய்க்கும் தந்தைக்கு நிகரான உரிமை தரும் அரசமைப்புத் திருத்தம் 2024 அக்டோபர் 17 அன்று மலேசிய மக்களவையில் நிறைவேறியது. உங்கள் பிள்ளை பிறந்த தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்பதைத் துணைத் தூதரகத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலைக் கோப்பில் வைக்க முடியாது.

இரண்டு நாடுகளுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. எங்கள் மகனுக்கு நாங்கள் மலேசிய விண்ணப்பம் போடவில்லை. அது சரியா என்று என் அம்மா இன்றைக்கும் தொலைபேசியில் கேட்கிறார். அவன் வளர்வது இங்கே, படிப்பது இங்கே, அவனுக்குப் பங்காக வரக்கூடிய நிலமும் இங்கே என்று கணக்குப் பார்த்தே முடிவு செய்தோம். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். கணக்குப் போடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஓ.சி.ஐ. அட்டையும் பூட்டனின் ஊரும்

மலேசியக் கடவுச்சீட்டை விடாமல் இங்கே நிலையாக வாழ உள்ள வழி, வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் எனப்படும் ஓ.சி.ஐ. அட்டை. பெயரில் குடிமகன் என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை அன்று. வாக்குரிமை கிடையாது, அரசு வேலையும் கிடையாது. ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் வந்து போகலாம், காவல்துறைப் பதிவும் வேண்டாம். இந்தியரை மணந்தவர், திருமணம் பதிவாகித் தொடர்ந்து இரண்டு ஆண்டு நிலைத்திருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம். தாயோ தந்தையோ இந்தியராக உள்ள சிறு பிள்ளைகளும் தகுதி பெறுவார்கள். சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்க முடியாது.

துணைவர் வழியாக இல்லாமல் வம்சாவளி வழியாக விண்ணப்பிப்பவருக்கு, பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களின் பெற்றோர் என்று மூன்று தலைமுறை வரை பின்னோக்கிச் சான்று காட்ட இடமுண்டு. குமரி மாவட்டத்தில் வேர் உள்ளவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரையும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தவை. உங்கள் பூட்டனின் மலாயா ஆவணத்தில் பிறந்த இடம் 'திருவிதாங்கூர்' என்று இருந்தால், இந்தியா என்று இல்லையே எனக் கலங்க வேண்டாம். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவின் பகுதியான நிலப்பரப்பைச் சேர்ந்தவரின் வழித்தோன்றல்களும் தகுதியுடையவர்கள் என்று சட்டமே சொல்கிறது.

பழைய பத்திரம் கையில் கிடைத்தால் ஆண்டைக் கவனியுங்கள். திருவிதாங்கூர்க் காலத்து ஆவணங்கள் பலவற்றில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். 1110 என்று எழுதியிருந்தால் அது ஆங்கிலக் கணக்கில் 1934-35; அதாவது 824 அல்லது 825 கூட்ட வேண்டும். எழுத்தும் மலையாளமாக இருக்கலாம். விளவங்கோட்டுப் பக்கம் அதை வாசித்துச் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனாலும் விண்ணப்பத்துக்கு முறையான மொழிபெயர்ப்பே வேண்டும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பழைய சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள். முதன்மைச் சான்றாக நிற்காவிட்டாலும் வீட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிடைக்கும்.

அட்டை வந்தபின் அதை மறந்துவிடுகிறோம். 20 வயது நிறையும்வரை ஒவ்வொரு முறை புதிய கடவுச்சீட்டு எடுக்கும்போதும், 50 வயதுக்குப் பின் ஒரு முறையும், புதிய கடவுச்சீட்டையும் புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், கட்டணம் இல்லை.

ஆறாம் படி: வீடும் விளையும்

வாடகை வீட்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். உங்களுக்கு அது முகவரிச் சான்றாகவும் ஆகும். இங்கே ஒத்தி என்றொரு வழக்கம் உண்டு: ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறுவது. ரிங்கிட்டை மாற்றிக் கொண்டுவந்தவர் கையில் காசு இருக்கிறது என்று தெரிந்தால் ஒத்திக்குத்தான் வீடு காட்டுவார்கள். பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்யாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நிலம் வாங்கும் ஆசையை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். என் அப்பா மலேசியாவில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். குலசேகரத்துப் பக்கம் முதன்முதலாகப் போனபோது, சாலையின் இருபுறமும் அதே மரம், அதே சாய்வான வெட்டு, சிரட்டையில் சொட்டும் அதே பால், மூக்கில் ஏறும் அதே ஒட்டுப்பால் வாடை என்று பார்த்து, இதில் ஐம்பது சென்ட் வாங்கி அப்பாவைக் கூட்டிக்கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. சட்டம் இடம் தரவில்லை. ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர் குடியிருப்பு மனையோ கடையோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. இந்த மாவட்டத்தில் பாதி ஊர்களின் பெயர் தோட்ட நிலத்தைக் குறிக்கும் 'விளை' என்றே முடிகிறது. தரகர் காட்டும் தென்னந்தோப்பும் ரப்பர் விளையும் வீட்டு மனைபோலவே தோன்றும். வருவாய்ப் பதிவேட்டில் அந்த நிலம் என்ன வகை என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். மாமனார் வழியில் வாரிசாக வருவதற்குத் தடை இல்லை.

ஏழாம் படி: பள்ளி

2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் இது, 91.75 விழுக்காடு. ஆகையால் பள்ளிக்குப் பஞ்சமில்லை, போட்டிக்கும் பஞ்சமில்லை. மலேசியாவில் ஏழாம் வயதில் முதலாம் ஆண்டு. இங்கே ஐந்து முடிந்தவுடன் ஒன்றாம் வகுப்பு. அதனால் அங்கே முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பிள்ளையை இங்கே வயதைப் பார்த்து இரண்டாம் வகுப்பில் உட்கார்த்துவார்கள். பயப்பட வேண்டாம், முதல் பருவத்தில் சிரமப்படும், அவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம் என்பதால், மலாய்த் தேசியப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சியைப் புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் நிலையோ தலைகீழ். அங்கிருந்து வந்த ஓர் உறவினர் மகள், கணக்கு வகுப்பில் 'பின்னம்' என்று சொன்னபோது நாகர்கோவில் ஆங்கில வழிப் பள்ளியின் பிள்ளைகள் அது என்ன என்று கேட்டார்களாம்.

வகுப்பறைத் தமிழைவிட வீட்டுத் தமிழே பிள்ளையை முதலில் திணறடிக்கும். வந்த புதிதில் ஒருநாள் மாமியார், "வெள்ளம் வேணுமா மக்களே?" என்று கேட்க, நானே ஓடிப்போய் ஜன்னல் வழியே தெருவை எட்டிப்பார்த்தேன். கெடாவில் எங்களுக்கு வெள்ளம் என்றால் வீட்டுக்குள் புகுவது. இங்கே அது சொம்பில் தருவது. நாம் பசியாறியாச்சா என்று கேட்பதை இவர்கள் காப்பி குடிச்சாச்சா என்பார்கள். அதற்குள் இட்டிலியும் அடங்கும். பாட்டா என்றால் செருப்பு அன்று, தாத்தா. பிள்ளையின் சொல்லைத் திருத்தாதீர்கள், இரண்டையும் பேசட்டும்.

மருத்துவப் படிப்பை மனத்தில் வைத்திருப்பவர் இதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். 2021 மார்ச் 4ஆம் நாள் அறிவிக்கையின்படி, ஓ.சி.ஐ. மாணவர் நீட் எழுதலாம். ஆனால் இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கிய இடங்களில் சேர முடியாது, வெளிநாடு வாழ் இந்தியருக்கான இடங்களில்தான் சேரலாம். அங்கே கட்டணம் பன்மடங்கு. அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மூத்தவளிடம் இந்திய வம்சாவளியினருக்கு முன்பு கொடுத்துவந்த பி.ஐ.ஓ. அட்டை இருந்தது, 2015 ஜனவரி 9 அன்று அவ்வகை அட்டைகள் எல்லாம் ஓ.சி.ஐ.யாகக் கருதப்பட்டதால் அவள் தப்பினாள். இனி அட்டை வாங்கும் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியைக் காட்டிக் காட்டிப் பிள்ளையை வளர்க்குமுன், அதன் கடவுச்சீட்டு எந்த நிறம் என்று பாருங்கள்.

எட்டாம் படி: மலேசியக் கயிற்றை அறுக்காமல் இருத்தல்

ஆதாருக்கு, முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருக்க வேண்டும், ஓ.சி.ஐ. உள்ளவருக்குப் பத்தாண்டு செல்லும். பான் அட்டைக்கு வெளிநாட்டவர் படிவம் தனி. வங்கியும் வருமான வரியும் இவற்றைத் தொடர்ந்து வரும். இங்கே நிலையாக வசிப்பவர் ஆனபின் மலேசிய வருமானத்தையும் கணக்கில் காட்ட வேண்டும் என்பதை மட்டும் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றைவிட அதிகமாக என்னை அலைக்கழித்தது ஒரு சிம் அட்டை. வந்த முதல் ஆண்டு என் மலேசிய எண்ணுக்குப் பணம் போட மறந்தேன், எண் போய்விட்டது. அந்த எண்ணுக்குத்தான் வங்கியின் ரகசியக் குறியீடு வரும். கணக்கில் பணம் இருந்தும் தொட முடியவில்லை. எண்ணை மாற்ற நேரில் வந்தாக வேண்டும் என்றார்கள். சில ஆயிரம் ரிங்கிட்டை எடுக்க விமானச் சீட்டு வாங்கினேன். ஆகவே மாதாமாதம் அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். சேமநிதியாகிய கே.டபிள்யூ.எஸ்.பி.யும் அதே எண்ணோடுதான் கட்டுண்டிருக்கும். குடியுரிமையைத் துறக்காதவர், நாட்டை விட்டு வந்துவிட்டேன் என்று சொல்லி முழுத்தொகையை எடுக்க முடியாது. 2024 மே மாதம் பிரிக்கப்பட்ட மூன்று கணக்குகளில் 'ஃப்ளெக்ஸிபல்' கணக்கில் உள்ளதை எப்போதும் எடுக்கலாம், பெரும்பகுதி 55 வயதுக்குக் காத்திருக்கும்.

சிவப்புக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளைக்கு 12 வயதில் மைகாட் என்னும் மலேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டும், 18இல் புதுப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் மலேசியாவில் நேரில் நிற்க வேண்டும். இங்கே ஆண்டுத் தேர்வு முடிந்து மே மாதம் முழுவதும் விடுமுறை. மலேசியாவிலோ அரசு அலுவலகங்கள் அப்போது வழக்கம்போல் நடக்கும். திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. பன்னிரண்டு முடிந்த முதல் மே மாதத்துக்கே சீட்டு எடுத்துவிடுங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தின் மூலப்படி, உங்கள் மைகாட், கடவுச்சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் மிச்சமுள்ள இடத்துக்கு நேந்திரங்காய் வத்தல் போதும். மட்டிப்பழத்தைப் பெட்டியில் வைத்தால், இறங்குமுன் கனிந்து நசுங்கிவிடும்.